படகு புறப்படாத நாள்: கேப் டவுன் பழைய துறைமுகப் பகுதியில் ஒரு பயணக் குழு – நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தென்னாப்பிரிக்காவைப் பன்னிரண்டு நாள் சுற்றிவந்த 19 பேர் கொண்ட குழு ஒன்று, தன் கடைசி இரண்டு நாட்களைக் கேப் டவுன் நகரின் பழைய துறைமுகப் பகுதியில் எவ்வாறு கழித்தது என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. குழுவை ஒருங்கிணைத்து உடன் சென்றவன் நான். நான் எடுத்த முடிவுகளில் சில நன்றாக அமைந்தன. ஒன்று சிலரது மனத்தைப் புண்படுத்தியது. இரண்டையும் உள்ளபடி எழுதிவைத்தால்தான் அதே இடத்துக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் மற்றவர்களுக்குப் பயன்படும். குழுவினரின் பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பெரும்பாலோர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்களும் அவர்களுடைய துணைவர்களும் ஆவர். மூத்தவருக்கு வயது 78. ஒருவரால் சக்கர நாற்காலி இல்லாமல் நீண்ட தூரம் செல்ல இயலாது. பேரப்பிள்ளைகள் இருவர்: ஒருவனுக்கு 13 வயது, ஒருத்திக்கு 9. டர்பனில் எங்களோடு சேர்ந்துகொண்ட ஒரு பெண்மணியும் இந்த 19 பேரில் அடக்கம். எழுபதைக் கடந்த அவர் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் வம்சாவளியினர். தமிழ் கேட்டால் புரியும், பேசுவது ஆங்கிலம்தான். குழுவில் எல்லோரும் அவரை ‘அக்கா’ என்றே அழைத்ததால் இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். அவருடைய தாய்மாமன் 1960களில், கேப் டவுனுக்கு எதிரே கடலில் உள்ள ராபன் தீவுச் சிறையில் இருந்தவர். அக்கா அந்தத் தீவில் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை.

டர்பன், 1893 ஜூன் 7 இரவில் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம், ஜொஹானஸ்பர்க் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, ஆகஸ்ட் மாதத்தில் கேப் டவுன் வந்துசேர்ந்தோம். மூன்று இரவுகள் தங்குவதாகத் திட்டம். முதல் நாள் நகரம், இரண்டாம் நாள் துறைமுகப் பகுதியும் ராபன் தீவும், மூன்றாம் நாள் பிற்பகல் 4 மணிக்கு விமானம் என்று பயண முகவர் நிரல் தயாரித்துக் கொடுத்தார். தீவை இரண்டாம் நாள் காலை 9 மணிப் படகில் வைத்ததுதான் இந்த நிகழ்வின் முதல் பிழை. அந்த நிரலை ஒப்புக்கொண்டவன் நான் என்பதால் அதை முகவர்மேல் சுமத்த மாட்டேன்.

## இடத்தின் இயல்பு

விக்டோரியா – ஆல்ஃபிரட் துறைமுகப் பகுதி இன்று கடைகளும் உணவகங்களும் காட்சியகங்களும் நிறைந்த 123 ஹெக்டேர் பரப்பு. அது அங்கே வந்ததற்குக் காரணம் குளிர்காலக் காற்று. டேபிள் விரிகுடா வடமேற்கு நோக்கித் திறந்து கிடப்பதால், மே முதல் ஆகஸ்ட் வரையிலான புயல்களில் நங்கூரமிட்ட கப்பல்கள் அறுத்துக்கொண்டு கரையில் மோதி உடைவது பழைய காலத்தில் அடிக்கடி நேர்ந்தது. 1860 செப்டம்பர் 17 அன்று, விக்டோரியா அரசியின் இரண்டாம் மகனான இளவரசர் ஆல்ஃபிரட் முதல் வண்டிக் கல்லைக் கடலில் கொட்டி, அலைதடுப்புச் சுவரின் பணியைத் தொடங்கிவைத்தார். அந்தச் சுவரையும் அதன் மறைவில் அமைந்த ஆல்ஃபிரட் துறையையும் உருவாக்கக் கல் உடைத்தவர்கள் கைதிகள். பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1865 மே மாதப் பெரும்புயல் விரிகுடாவில் நின்ற கப்பல்கள் பலவற்றை அழித்தது. ஆல்ஃபிரட் துறை 1870இல் திறக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் பக்கத்திலேயே பெரிய டங்கன் துறை கட்டப்பட்டு, பின்னர் சரக்குப் பெட்டகக் கப்பல்களும் வந்தபின், இந்தப் பழைய துறைகளில் வேலை குறைந்துபோயிற்று. 1988இல் இதற்கெனத் தனி நிறுவனம் ஏற்படுத்தப்பட்டு, சீரமைப்பு தொடங்கியது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் திட்டத்தின் பிழை இதை மறந்ததிலிருந்துதான் பிறந்தது: துறைமுகத் தொழில் இங்கே முற்றிலும் நின்றுவிடவில்லை. 1882இல் கட்டப்பட்ட ராபின்சன் உலர்துறையில் இன்றும் கப்பல்களைச் செப்பனிடுகிறார்கள். மீன்பிடிக் கப்பல்கள் வந்துபோகின்றன. படகு வரும்போது பாதசாரிகள் நடக்கும் பாலம் பக்கவாட்டில் சுழன்று வழிவிடுகிறது, மக்கள் நின்றுதான் ஆகவேண்டும். கடைவீதியின் பகட்டைப் பார்த்து, இது மனிதர்களின் வசதிக்கேற்ப இயங்கும் இடம் என்று நினைத்துவிட்டோம்.

பார்க்கவேண்டியவை என்று எங்கள் நிரலில் இருந்தவற்றுள் மீன் காட்சியகம், பழைய தானியக் குதிருக்குள் அமைந்த கலைக்கூடம், மணிக்கூண்டு, நோபல் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்கர் நால்வரின் சிலைகள் நிற்கும் சதுக்கம் ஆகியவற்றை எந்த வானிலையிலும் பார்க்கலாம். ராபன் தீவு மட்டும் கடலைச் சார்ந்தது. நெல்சன் மண்டேலா தமது 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளை, 1964 முதல் 1982 வரை, கழித்த இடம் அது. 1997இல் அருங்காட்சியகமாகி, 1999இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. துறைமுகப் பகுதியில் இருக்கும் நெல்சன் மண்டேலா நுழைவாயில் கட்டிடத்திலிருந்து படகேறி, தீவைப் பேருந்தில் சுற்றி, முன்னாள் அரசியல் கைதி ஒருவர் வழிகாட்டச் சிறையைப் பார்த்துத் திரும்ப ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். கரையிலிருந்து பார்த்தால் தீவு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்த அண்மைதான் எங்களை ஏமாற்றியது.

## இரண்டாம் நாள் காலை

முந்தைய இரவு பெய்த மழை விடியலில் ஓய்ந்துவிட்டது. காலை 8.15க்கு நுழைவாயில் கட்டிடத்தை அடைந்தபோது வானம் நீலமாக இருந்தது. நகருக்குப் பின்னால் நிற்கும் மேசை மலை முழுதும் தெரிந்தது. காற்றும் பெரிதாக இல்லை. 8.40க்கு, 9 மணிப் படகு புறப்படாது என்றும், 11 மணிப் படகைப் பற்றிப் பின்னர் தெரிவிக்கப்படும் என்றும் அறிவித்தார்கள். காரணம், விரிகுடாவில் அலை எழுச்சி.

குழுவில் பலரால் இதை நம்ப முடியவில்லை. இவ்வளவு தெளிந்த வானத்தின் கீழ் படகு ஓட்ட முடியாது என்பது சாக்குப்போல அவர்களுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் நிலைமையைத் தணித்தவர், குமரிக் கடலோர மீனவக் குடும்பத்தில் பிறந்த ஓர் ஆசிரியர். “நம்ம ஊர்ல இதைக் கள்ளக்கடல்னு சொல்லுவாங்க, சார். காத்தும் இருக்காது, மழையும் இருக்காது, கடல் மட்டும் திடீர்னு ஏறும்” என்று அவர் விளக்கினார். அவர் சொன்னது பொருத்தமான ஒப்புமை. தென்கோளத்தின் ஆழ்கடலில் எங்கோ வீசும் புயல், நீண்ட இடைவெளி கொண்ட அலைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அனுப்பிவைக்கிறது; கேரளத்தையும் தென்தமிழகத்தையும் தாக்கும் கள்ளக்கடலின் ஊற்றும் அந்தத் தெற்குப் பெருங்கடல்தான். கேப் டவுனில் குளிர்காலத்துக் காற்றுமழை கடந்துபோன பிறகும் அது எழுப்பிய அலை வந்துகொண்டே இருக்கும். கரையில் நிற்பவனுக்கு வானம் தெரியும், படகோட்டிக்குத் தண்ணீர் தெரியும்.

முதல் முடிவு. கலைந்து செல்வதா, 11 மணிவரை காத்திருப்பதா? காத்திருப்பது என்று முடிவு செய்தேன். கட்டிடத்துக்குள் அமர இடமும் பார்ப்பதற்குக் கண்காட்சியும் இருந்தன. குழுவைச் சிதறவிட்டால் படகு கிடைத்தாலும் திரட்ட முடியாது. இந்த முடிவைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் ‘பதினோரு மணிக்குப் போய்விடலாம்’ என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. ‘போகாமலும் இருக்கலாம்’ என்பதைச் சேர்த்துச் சொல்லாததால், 10.20க்கு அன்றைய படகுகள் அனைத்தும் ரத்து என்று அறிவித்தபோது ஏமாற்றம் இரு மடங்காயிற்று. அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிச் சுவரின் அருகே நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

## மாற்று ஏற்பாடு

இரண்டாம் முடிவு. கைவசம் ஒரு முழு நாள் இருந்தது. கடைகளுக்குப் போகலாம் என்றனர் சிலர். மேசை மலைக்குப் போகலாம் என்றனர் வேறு சிலர். மேலே காற்று அதிகமாக இருந்ததால் கம்பிவட ஊர்தியும் அன்று இல்லை. டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது இடமிருந்தால் அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று முகப்பில் சொன்னார்கள். மறுநாள் 9 மணிப் படகில் ஏழு இடங்களே இருந்தன. அந்த ஏழு இடங்களையும் முதலில் பிடித்துவைத்தேன். யார் போவது என்பதை மாலையில் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

பிறகு அக்காவிடம் தனியாகப் பேசினேன். தீவுக்குப் போக முடியாவிட்டாலும், சிறையிலிருந்த மாமாவைப் பார்க்க அவருடைய அம்மா படகேறிய இடம் இந்தக் கரையில்தான் இருக்கவேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இன்றைய நுழைவாயில் கட்டிடம் 2001இல் திறக்கப்பட்டது; அந்தக் காலத்தில் கைதிகளையும் அவர்களைக் காண வந்த உறவினரையும் ஏற்றிச்சென்ற இடம் ‘ஜெட்டி 1’ என்ற சிறிய கட்டிடம். அது இடிக்கப்படாமல் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாகக் காக்கப்பட்டிருக்கிறது. எங்கள் நிரலில் அது இல்லை. எனக்கு அதன் பெயர் தெரிந்திருந்தும் அதை ஒரு பார்வையிடமாக நான் கருதியதில்லை. அங்கே முதலில் செல்வது, பிறகு தானியக் குதிர், கடைசியில் மீன் காட்சியகம் என்று அன்றைய நாளை மாற்றியமைத்தோம். எல்லாமே நடந்துபோகும் தொலைவில் இருந்ததும், சக்கர நாற்காலி செல்லத்தக்க சமதளப் பாதை இருந்ததும் இந்த முடிவுக்குத் துணைநின்றன.

## ஜெட்டி 1இல் கண்டது

முதலில் சிவப்பு நிற மணிக்கூண்டைப் பார்த்தோம். 1882இல் கட்டப்பட்ட அது துறைமுக அதிகாரியின் அலுவலகமாக இருந்தது; கடல்மட்டத்தை அளக்கும் பொறி அதன் அடியில் இயங்கியது. அங்கிருந்து சுழலும் பாலத்தைக் கடந்தோம். உணவகங்களும் சுற்றுலாப் படகுகளை விற்போரும் நெருங்கிய கரையில் ஜெட்டி 1 மிகச் சாதாரணமாக நிற்கிறது. எங்களில் மூன்று பேர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய், திரும்பி வந்தார்கள்.

உள்ளே கைதிகளைப் படகேற்றுவதற்குமுன் அடைத்துவைத்த அறைகளும், பார்வையாளர் காத்திருந்த இடமும், அனுமதி வேண்டி எழுதிய கடிதங்களும் உள்ளன. தீவுக்கு வந்துசேரும் அரசியல் கைதிகள் 1960களில் மிகக் கீழ்ப்படியான ‘டி’ பிரிவில் வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஆறு மாதத்துக்கு ஒரு பார்வையாளர். சந்திப்பு அரைமணி நேரம்; இடையே கண்ணாடி; இருபுறமும் காவலர். குடும்ப விஷயங்களைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது. பேச்சு ஆங்கிலத்திலோ ஆப்பிரிக்கான்ஸிலோதான் இருக்கவேண்டும். பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.

இவற்றை நான் குழுவுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா பேசத் தொடங்கினார். அதுவரை பயணத்தில் தம் குடும்பத்தைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. மாமாவைப் பார்க்கப் பாட்டி ஒருமுறைகூடத் தீவுக்குப் போகவில்லை. பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பெற்ற மகனோடு பேச அனுமதிக்கப்பட்ட மொழி எதுவும் அவருக்குத் தெரியாது என்பதால், அவருக்குப் பதிலாக அக்காவின் அம்மா டர்பனிலிருந்து ரயிலேறி வந்தார். இரண்டு முறை வந்தார். ஒருமுறை கடல் மோசமாக இருந்ததால் நாள் முழுதும் காத்திருந்து, மறுநாள் போனார். அக்காவுக்கு அப்போது வயது 11. வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். “பாட்டி அம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பினாங்க: ‘சாப்பிட்டியா’னு கேளு. அதையும் அம்மா இங்கிலீஷ்லதான் கேட்கணும்” என்று, ஆங்கிலத்துக்கு நடுவில் அந்தத் தமிழ்ச் சொல்லை மட்டும் தமிழாகவே சொன்னார்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. காலையில் இழந்ததாக நினைத்த நாளைப் பற்றிக் குழு வேறுவிதமாக எண்ணத் தொடங்கியது அங்கேதான் என்று என்னால் சொல்ல முடியும். அதே கடல் ஏறியதால் அதே கரையில் நாங்களும் காத்திருந்தோம். ஆனால் எங்களுக்குப் பசித்தால் உணவகம் இருந்தது, திரும்பிப் போகப் பேருந்து இருந்தது. அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பொருள் உண்டு என்பதையும் குழந்தைகளுக்கு விளக்கினேன். தீவுச் சிறையில் உணவும் உடையும் இனம் பார்த்தே கொடுக்கப்பட்டன: ஆப்பிரிக்கக் கைதிகளுக்கு அரைக்கால்சட்டை, இந்தியருக்கு முழுக்கால்சட்டை, சர்க்கரையின் அளவிலும் ரொட்டியிலும் வேறுபாடு. ஜொஹானஸ்பர்க் தமிழர் சங்கத்துக்குத் தலைமை வகித்துக் காந்தியோடு சிறை சென்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடுவும் 1963 முதல் பத்தாண்டு அங்கே இருந்தவர். மண்டேலாவின் கைதி எண் 466/64 என்றால், 1964இல் வந்துசேர்ந்த 466ஆவது கைதி என்று பொருள். அந்தப் பையன் இதைக் கேட்டுவிட்டு, உன் மாமாவின் எண் என்ன என்று அக்காவிடம் கேட்டான். அவருக்குத் தெரியவில்லை.

ஜெட்டி 1க்கு நான் ஒதுக்கியது இருபது நிமிடம். ஒன்றேகால் மணி நேரம் அங்கே இருந்தோம். வெளியே வந்தபோது சிக்னல் மலையிலிருந்து நண்பகல் பீரங்கி முழங்கியது.

## எஞ்சிய பகல்

தானியக் குதிர் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1924இல் கட்டி முடிக்கப்பட்ட 57 மீட்டர் உயரக் குதிர் அது. 2001இல் பயன்பாட்டிலிருந்து நின்று, 2017 செப்டம்பரில் ஆப்பிரிக்கச் சமகாலக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. 42 கான்கிரீட் குழாய்களின் நடுவே ஒரு தானிய மணியின் வடிவில் கூடத்தைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் நின்று மேலே பார்த்தது எல்லோருக்கும் பிடித்தது. கலைப்பொருட்களைப் பார்க்க யாரிடமும் அப்போது தெம்பு இல்லை. ஜெட்டி 1இலிருந்து நேராக அங்கே போனது சரியான வரிசையல்ல என்பதை உள்ளே போனபிறகே உணர்ந்தேன்.

மீன் காட்சியகம் அதற்கு மாறாக நல்ல பயன் தந்தது. 1995 நவம்பரில் திறக்கப்பட்ட அந்தக் காட்சியகம், அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் உயிர்கள் இரண்டையும் காட்டுகிறது. கெல்ப் எனப்படும் நெடும்பாசிக் காடு உயிரோடு வளரும் தொட்டியின் முன் எதிர்பாராத ஒரு காட்சி: தொட்டி நீர் முன்னும் பின்னும் அசைய, பாசிகளும் அதன் நடுவே மீன்களும் ஒரே தாளத்தில் சாய்ந்து நிமிர்ந்தன. காலையில் படகை நிறுத்திய அசைவு அதுதான் என்று குமரிக் கரை ஆசிரியர் அந்த 9 வயதுச் சிறுமிக்குக் காட்டினார். முதியவர்கள் அங்கே அமர்ந்து ஓய்வெடுக்க முடிந்தது. சக்கர நாற்காலியில் இருந்தவர், அன்றைய நாளில் தான் யாருக்கும் பாரமாக உணராத இடம் அது என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

## மாலைக் கூட்டம்

மூன்றாம் முடிவு, இந்த நிகழ்வில் மிகக் கடினமானது: ஏழு இடங்களை யாருக்குக் கொடுப்பது?

முதலில் காலக்கணக்கு. 9 மணிப் படகில் சென்றால் 12.45 வாக்கில் திரும்பலாம். விமான நிலையம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மூன்று மணிக்குள் அங்கே இருக்கவேண்டும். படகு இரண்டு மணி நேரம் தாமதித்தால் விமானம் தவறலாம். இந்த அபாயத்தைச் சொன்னபோது ஆறு பேர் தாமாகவே விலகிக்கொண்டனர். போவோரின் பெட்டிகளை மற்ற பன்னிரண்டு பேர் எடுத்துக்கொண்டு நேராக விமான நிலையம் செல்வது, போவோர் கைப்பையோடு மட்டும் செல்வது, அவர்களுக்கெனத் தனி வண்டி காத்திருப்பது என்று ஏற்பாடு செய்தோம். போகும் எழுவருக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பொறுப்பேற்பது, நான் மற்றவர்களோடு இருப்பது என்றும் முடிவாயிற்று.

எஞ்சிய பதின்மூவரில் அக்காவுக்கு முதல் இடம் என்று மூத்தவர் சொன்னதும் எல்லோரும் ஒப்புக்கொண்டனர். மீதி ஆறு இடங்களுக்குப் பன்னிரண்டு பேர். திருவுளச் சீட்டுப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. பயணத்துக்குப் பதிவு செய்தபோது ‘மிகவும் பார்க்க விரும்பும் இடம் எது?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தோம். பன்னிரண்டு பேரில் ஐவர் ராபன் தீவு என்று எழுதியிருந்தார்கள். அந்த ஐவருக்கும், அவர்களில் ஒருவருடைய பேரனான 13 வயதுப் பையனுக்கும் இடங்களைக் கொடுத்தேன். உண்மையான விருப்பத்துக்கு மதிப்பளிப்பதாகவே நினைத்தேன்.

அன்றிரவு ஒரு தம்பதியர் என் அறைக்கு வந்தார்கள். “அந்தக் கேள்விக்கு நாங்க ஏதோ ஒண்ணு எழுதினோம், தம்பி. அதை வெச்சுத்தான் இடம் கொடுப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா யோசிச்சு எழுதியிருப்போமே” என்றார் அந்த அம்மையார். கோபத்தைவிட வருத்தமே அவர் குரலில் இருந்தது. அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. எதற்கென்று தெரியாமல் நிரப்பிய படிவத்தை, பிறகு ஒரு தேர்வுத்தாளாக மாற்றித் திருத்தியிருந்தேன். அன்றிரவே முடிவை மாற்றினால் மற்ற ஐவருக்கும் அநியாயமாகும் என்பதால் அப்படியே விட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

## மூன்றாம் நாள்

அலை தணிந்திருந்தது, முற்றிலும் அடங்கவில்லை. படகு 9.40க்குப் புறப்பட்டது, அலையில் மெதுவாகவே சென்றது. தீவில் நடந்ததை எழுவர் சொல்லக் கேட்டே எழுதுகிறேன். பேருந்தில் சுண்ணாம்புக்கல் குழியைக் கண்டார்கள். 1995இல் முன்னாள் கைதிகள் மீண்டும் ஒன்றுகூடியபோது ஆளுக்கொரு கல்லாக அடுக்கிய குவியல் அங்கே இருக்கிறது. சிறையில் மண்டேலாவின் அறை மூன்று காலடியில் முடிந்துவிடுவதைப் பார்த்தார்கள். அக்கா அங்கே அதிகம் நிற்கவில்லை. அவருடைய மாமா தனியறையில் வைக்கப்பட்டவர் அல்லர். பலரை ஒன்றாக அடைத்த பெரிய கூடத்தில் இருந்தவர். அத்தகைய கூடம் ஒன்றில் வழிகாட்டி எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். எந்தக் கூடம் என்று இப்போது சொல்ல முடியாது என்றாலும், அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. மாமாவின் பெயரையும் ஆண்டையும் வழிகாட்டி கேட்டுக் குறித்துக்கொண்டார். எண்ணை எப்படித் தேடுவது, யாருக்கு எழுதுவது என்று பையன்தான் கேட்டு எழுதிவந்தான்.

படகு 2.05க்குக் கரைக்கு வந்தது. எங்கள் கணக்கைவிட ஒரு மணி இருபது நிமிடத் தாமதம். எழுவரும் 2.50க்கு விமான நிலையத்தை அடைந்தார்கள். பெட்டிகள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்ததால் விமானம் கிடைத்தது. பெட்டிகளோடு வந்திருந்தால் கிடைத்திருப்பது ஐயமே. படகில் இருவருக்கு வாந்தி வந்தது. மாத்திரை வைத்திருந்தும் படகேறிய பின்னரே கொடுத்தார்கள்.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

கடலைச் சார்ந்த ஒன்றை ஒரு பயணத்தின் கடைசி முழு நாளில் வைக்கக் கூடாது. குளிர்காலத்தில் வடமேற்குக் காற்றும் அதன் பின்னே வரும் அலையும் படகை நிறுத்தும். வந்துசேர்ந்த மறுநாளே முதல் படகில் தீவு என்று வைத்தால், ரத்தானால் மாற்றிக்கொள்ள நாள் மிஞ்சும். எங்களுக்கு அந்த ஒரு நாள் இருந்திருந்தால் மாலைக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது.

படகுக்கு முன்பே ஜெட்டி 1ஐப் பார்த்துவிட வேண்டும். அங்கே காத்திருந்தவர்களின் நிலையை அறிந்த பின்னர் தீவுக்குச் செல்பவர், அங்கு காண்பதை வேறு கண்ணால் காண்கிறார் என்பது அந்த எழுவர் என்னிடம் தனித்தனியே சொன்னது. முந்தைய நாள் மாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது நல்லது. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் எதையும் வைக்கக் கூடாது. கலைக்கூடத்தை வேறொரு நாளின் தொடக்கத்தில் வைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

இடம் குறைவாக இருந்து ஆட்கள் மிகுதியாக இருந்தால் எந்த முறையில் தெரிவு செய்வோம் என்பதைப் பயணம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். இப்போது எங்கள் படிவத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது: குடும்பத் தொடர்பு உள்ளவருக்கு முன்னுரிமை, மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கல். அந்த அம்மையாரிடம் காட்டி, அவர் திருத்திய வாசகத்தையே வைத்திருக்கிறோம்.

குமட்டலுக்கான மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும்.

போக முடியாத பன்னிரண்டு பேரின் டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெற விண்ணப்பித்தோம். அவர்களில் நால்வர் அடுத்த ஆண்டுக் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தம்பதியர் அவர்களில் இருவர். அந்தக் குழுவின் நிரலில் கேப் டவுனுக்கு ஐந்து இரவுகள். வந்துசேரும் நாள் மாலை ஜெட்டி 1, மறுநாள் காலை 9 மணிப் படகு. தம்முடைய மாமாவின் எண்ணைக் கேட்டு அக்கா எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வந்தால் அந்தப் பையனுக்குத்தான் முதலில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.